சிலுவை போட்ட வினைச்சொல்

தெரெசா சீட்டை முதலில் படிக்க மாட்டார், முகர்ந்து பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழுப்பேறிய அட்டைச் சீட்டை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு. “முப்பத்தாறு, முப்பத்தேழாம் வருஷமா இருக்கும். அப்போ இங்க ஒரு ஆளு புகையிலைப் பைப் புடிச்சுக்கிட்டேதான் டைப் அடிப்பாராம்” என்பார். திருப்பிப் பார்த்தால் மூலையில் குத்திய தேதி முத்திரையும் அதையே சொல்லும். இருபத்தாறு வருஷமாக அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. இரண்டே தடவைதான் தப்பியிருக்கிறது. அந்த இரண்டு தடவையும் முத்திரை குத்தினவன்தான் தப்பு செய்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

எங்கள் அகராதி அலுவலகம் ஹோலியோக்கில், கால்வாயை ஒட்டிய ஒரு பழைய காகித ஆலையின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. எழுபது இரும்பு அலமாரிகள். அத்தனையிலும் சீட்டுகள். நூறு வருஷமாக யார் யாரோ செய்தித்தாள், விதைப் பட்டியல், கோர்ட்டுத் தீர்ப்பு, மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்து, ஒரு சொல் எப்படிப் புழங்கியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் வெட்டி ஒட்டி வைத்தவை. அர்த்தங்களை நாங்கள் உண்டாக்குகிறோம் என்று வெளியில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பொறுக்குகிறவர்கள், அவ்வளவுதான்.

தெரெசா ஷ்செபானிக்குக்கு அறுபத்தொரு வயது. அலுவலகத்தில் டெஸ் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து ஊரான சிக்கோப்பியில் டயர் கம்பெனித் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, அதே தெருவில் இன்னும் குடியிருக்கிறார். நெட்டையான உடம்பு; குனிந்து குனிந்து படித்ததில் தோள் முன்னால் வளைந்துவிட்டது. கொண்டையில் எப்போதும் இரண்டு மூன்று பென்சில் துண்டுகள் செருகியிருக்கும். பென்சிலைக் காணோமென்று மேசை முழுக்கத் தேடவும் செய்வார். மத்தியானச் சாப்பாடு, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த போலந்துக் கொழுக்கட்டை, தயிர் டப்பாவில், ஆறிப்போனது. சூடு பண்ணித் தரட்டுமா என்றால் “சூடு பண்ணா வாசம் வரும். வாசம் வந்தா லாத்ராப் வருவாரு” என்பார். லாத்ராப் எங்கள் தலைமை ஆசிரியர். நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர், விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். தெரெசாவின் வீட்டில் அகராதி கிடையாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “மளிகைக் கடைக்காரன் படுக்கை ரூம்லயுமா மூட்டை அடுக்குவான்?” என்றார்.

போன மார்ச்சில் ‘ஸ்பெண்ட்’ என்ற வினைச்சொல்லைத் திருத்தி எழுதும் வேலை அவரிடம் வந்தது. ஆயிரத்து நூறு சீட்டுகள். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அர்த்தத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்தார். காசுக்கு ஒரு குவியல், காலத்துக்கு ஒன்று, உடம்பின் வலுவுக்கு ஒன்று. அடித்து ஓய்ந்த புயலுக்கு ஒன்று. முட்டையிட்டுவிட்டு எலும்பும் தோலுமாக ஆற்றோடு திரும்பும் மீனுக்கு ஒன்று. காற்றில் பாய்மரத்தைப் பறிகொடுத்த மாலுமிகளுக்கென்று சின்னதாக ஒன்று. ஏப்ரல் முழுக்க யாரும் அந்தப் பக்கம் தும்மக்கூட இல்லை.

சொல்லின் பூர்வீகத்தைத் தேடி அவர் போகும் விதம் தனி. பெண் பார்க்கப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதைப்போல, முதலில் உறவுக்காரச் சொற்களையெல்லாம் விசாரித்துவிடுவார். லத்தீனில் அந்த வினைக்கு எடைபோட்டுக் கொடுப்பது என்று பொருள். தராசில் ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் வெள்ளி. பவுண்டும் பென்ஷனும் அதே வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மன்காரர்களிடம் போன பங்காளி தான தர்மம் செய்கிறான். அங்கே அதே வினைக்கு நன்கொடை தருவது என்று அர்த்தம்.

ஒருநாள் கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைக் கேட்டார். “வேலு, உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?”

செலவு என்றேன். செல் என்றால் போ. பழைய தமிழில் செலவு என்பது பயணம். பெண்ணை விட்டுப் பொருள் தேடப் போகிறவன் மனசு கேட்காமல் போகாமலே நின்றுவிட்டால் அதற்குச் செலவழுங்கல் என்று பெயர். எங்கள் கொங்குப் பக்கத்தில் மிளகு, சீரகம், மல்லிக்கே செலவு என்றுதான் பேர், செலவு அரைத்துத்தான் குழம்பு வைப்போம் என்றும் சொன்னேன். கொழுக்கட்டை கையில் இருப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆக, உங்க ஊர்ல காசு நடந்து போகுது. இங்க தராசுல தொங்குது. எங்கம்மாவோட போலந்து பாஷையில கையால எடுத்து வெளிய குடுக்கிறது. மூணும் கடைசில ஒரே கடைக்குத்தான் போய்ச் சேருது, இல்ல?” என்று சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அதனால் எனக்கு அது நினைவில் இருக்கிறது.

செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது. வடக்கே மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் ஒரு தீவு. கோடு போட்ட தாளில் பென்சில் எழுத்து. வாசகர் கடிதங்களைப் பிரித்து உரியவருக்குத் தருவது என் வேலை. ‘ஸ்பெண்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் எழுந்துபோய் அவர் கையில் கொடுத்தேன்.

“என் பேரு வென்டல் ஆலி. லாப்ஸ்டர் புடிக்கக் கடல்ல கூடு போடறேன், குளிர்காலத்துல விறகு விக்கறேன். என் பொண்டாட்டி வெர்னா மே மாசம் போயிட்டா. நாப்பத்தேழு வருஷம். எங்க பக்கம் நல்ல வைக்கோலா இருந்தா, மாடு கொஞ்சமா தின்னாலும் வயிறு ரொம்பிடும். அதை நல்லா ஸ்பெண்ட் ஆவுதுன்னு சொல்லுவோம். ஓக் விறகு அப்படி. மஞ்சக்கண்ணு பீன்ஸு அப்படி. வெர்னாவும் அப்படித்தான். அஞ்சடிகூட இருக்க மாட்டா. நாலு புள்ளைங்க, என் அப்பன், என் தம்பி, ரெண்டு தடவை மூழ்கின படகு, எல்லாத்துக்கும் காணுற மாதிரி இருந்தா. அவ கல்லறைக் கல்லுல அவ பேருக்குக் கீழ அதை வெட்டணும். நல்லா ஸ்பெண்ட் ஆனான்னு.

“எம் பொண்ணு ஜோலின் எல்ஸ்வொர்த்துல டீச்சர். அவ உங்க அகராதியைத் தொறந்து காமிச்சா. அந்த அர்த்தத்துக்கு முன்னால சிலுவை போட்டிருக்கீங்க. ‘இது செத்துப்போன பேச்சுப்பா, அம்மா கல்லுல தப்பா எழுதி வெச்சு எல்லாரும் சிரிக்கணுமா’ங்கறா. இன்னிக்குக் காலைல விறகு வாங்க வந்தவன்கிட்டகூட நான் அதைச் சொன்னேன். அப்போ நான் செத்துட்டேனா? கல்லு வெட்டறவரு அக்டோபர் கடைசி வியாழன் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. அப்புறம் மண்ணு உறைஞ்சுடும். அந்தச் சிலுவையை எடுத்துடுங்க. எடுத்தா பொண்ணு ஒத்துக்குவா.”

நம் ஊரில் பழைய அரிசியைப் பற்றி ‘ஒரு படி போட்டாலும் நல்லாக் காணும்’, கொஞ்சமே நிறையப் பேருக்குப் போதும் என்று சொல்வோமே, அதுதான். ஊரெல்லாம் தீர்ந்துபோவதற்குச் சொல்லும் வினையை அந்தத் தீவுக்காரர்கள் தீராமல் நிற்பதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் புத்தகங்களில் வெண்ணெயைப் பற்றி அப்படி எழுதியிருப்பது எங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அச்சில் காணோம் என்பதால்தான் சிலுவை. எங்கள் அகராதியில் வழக்கொழிந்த அர்த்தத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை நிற்கும். கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறதே, அதே வடிவம்தான்.

தெரெசா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எஸ் வரிசை அலமாரிக்குப் போய், கழித்துக்கட்டின சீட்டுகள் கிடக்கும் அடி இழுப்பறையை வெளியே இழுத்தார். அரைமணி நேரம் மண்டியிட்டுத் தேடி, ஒரு சீட்டோடு எழுந்தார். 1952இல் மெய்னில் ஒரு தீவனக் கடை அச்சிட்ட துண்டு நோட்டீஸ். ‘இந்த வைக்கோல் நன்றாக ஸ்பெண்ட் ஆகும்’ என்று அதில் தெளிவாக இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலில் ‘அச்சுப்பிழை?’ என்று எழுதி, கீழே டி.எஸ்., 1993 என்று போட்டிருந்தது. கையெழுத்து தெரெசாவுடையது.

அந்தச் சீட்டை அவர் முகர்ந்து பார்க்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுக் கழுவுமிடத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

“எனக்கு அப்போ இருபத்தொம்பது வயசு, வேலு. வேலைக்குச் சேந்து ஆறு மாசம். எங்க வீட்ல கேஸ் ஹீட்டர். ஒத்த விறகுக்கட்டை காசு குடுத்து வாங்கினதில்ல, ஒரு மாட்டுக்கு வைக்கோல் போட்டதில்ல. எனக்குத் தெரியாத பேச்சுன்னதும் அச்சுக்காரன் தப்பு பண்ணிட்டான்னு எழுதி, சிலுவையும் போட்டுட்டேன். அந்தாளு ஒழுங்காத்தான் அச்சடிச்சிருக்கான்.”

உயிரோடு இருக்கிறவனுக்குக் கல்லறை கட்டுவது எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. டாக்டருக்குக்கூட நாடி பார்க்க ஒரு கை கிடைக்கும். எங்களுக்குச் சீட்டுதான்; அதை ஒதுக்கித் தள்ளிவிட்டால் ஒரு ஊரே எங்கள் கண்ணுக்குச் செத்துப்போகும்.

அன்று மாலையே லாத்ராப்பிடம் போனார். நானும் கூடப் போனேன். சிலுவையை எடுக்க அச்சில் மூன்று சாட்சி வேண்டும். மூன்றும் வெவ்வேறு ஆள் எழுதியதாக, வெவ்வேறு வருஷத்ததாக இருக்க வேண்டும். சொந்தக் கடிதம் சேராது. இருப்பது ஒன்று.

“டெஸ், எனக்கு அந்தாளை நெனச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்காக வளைச்சா நாளைக்கு எல்லாரும் வருவாங்க. இந்த விதியை எழுதினதே நீங்கதானே? 2008 கையேடு, நாப்பத்திரண்டாம் பக்கம்” என்றார் லாத்ராப்.

“தெரியும். நல்லாத்தான் எழுதியிருக்கேன்” என்றார் தெரெசா. கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்.

அடுத்த ஆறு வாரமும் சனி, ஞாயிறு தவறாமல் அவருடைய பழைய கொரோலா கார் வடக்கே ஓடியது. சொந்தப் பெட்ரோல், சொந்தக் காசு. ஆறு மணி நேரப் பயணம், பிறகு சின்னச் சின்ன நூலகங்கள். பழைய வாரப் பத்திரிகைகளின் பிலிம் சுருளைக் கண் சிவக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வருவார். மூன்றாவது வாரம் ஒரு சர்ச்சுப் பெண்கள் சேர்ந்து 1978இல் போட்ட சமையல் புத்தகம் கிடைத்தது. அடுப்பில் வைத்துச் சுட்ட பீன்ஸ் பக்கத்தில், ‘பன்றிக்கொழுப்பு சேர்த்தால் இன்னும் நன்றாக ஸ்பெண்ட் ஆகும்’ என்று திருமதி யாரோ எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு ஒரு கொழுக்கட்டை கிடைத்தது. இருபத்தாறு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

இரண்டு ஆயிற்று. மூன்றாவது வரவே இல்லை. அக்டோபர் பாதி தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு யோசனை சொன்னேன். அந்தத் தீவுக்கு ஒரு வாரப் பத்திரிகை வருகிறது. வென்டல் விறகு விற்கிறவர். ‘காய்ந்த ஓக் விறகு, நன்றாக ஸ்பெண்ட் ஆகும்’ என்று ஒரு வரி விளம்பரம் கொடுக்கச் சொன்னால் போதும். அச்சில் வந்துவிடும், மூன்றாவது சாட்சி தயார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நாமளே நட்டுட்டு, நாமளே தண்ணி ஊத்திட்டு, தானா மொளைச்சுதுன்னு எழுதறதா?”

“அந்தாளுக்குக் கல்லு வேணும் டெஸ். நியாயம் பாத்துக்கிட்டிருந்தா மண்ணு உறைஞ்சிடும்.”

“ஒரு பொய்யை வெச்சுத்தான் இத்தனை வருஷம் இது செத்துக் கெடந்துச்சு. இன்னொரு பொய்யை வெச்சு எழுப்ப மாட்டேன். அந்தம்மாவுக்கு அது மரியாதையா இருக்காது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. விதி பெரிதா, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் பெரிதா என்று மனதுக்குள் கத்தினேன். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அந்த இரண்டு நாளும் பிலிம் சுருள் பட்டியல்களைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி வியாழன் வந்தது. காலையில் லாத்ராப், வென்டலுக்கு அனுப்ப வேண்டிய பதிலைத் தெரெசாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் வழக்கமான பதில்தான்: தங்கள் அன்புக் கடிதத்துக்கு நன்றி, தற்போதைய ஆதாரங்கள் போதுமானவையாக இல்லை, கோப்பில் சேர்த்துக்கொண்டோம், இப்படிக்கு ஆசிரியர் குழு. எங்கள் அலுவலகத்தில் யாரும் தனிப் பெயர் போடுவதில்லை. வாசகர்களோடு அகராதிதான் பேசும். ஆட்கள் பேசக் கூடாது. தெரெசா அந்தத் தாளை நாலாக மடித்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தாழ்வாரத்தில் தொலைபேசிக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும். அவர் கதவைச் சாத்தவில்லை. இடது காது மந்தம், வலது காதும் இப்போது அப்படித்தான் என்பதால் ஒலிபெருக்கியை வேறு போட்டுவிட்டார். எல்ஸ்வொர்த் பள்ளிக்கூடத்தில் ஜோலின் ஆலியைக் கூப்பிட்டுத் தரச் சொன்னார். அகராதி அலுவலகத்திலிருந்து என்றதும் அந்தப் பெண் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

“சிலுவையை எடுத்துட்டீங்களா?”

“இல்லம்மா. எடுக்க முடியல. இன்னும் ஒரு ஆதாரம் வேணும், கெடைக்கல. தேடிக்கிட்டேதான் இருப்பேன்.”

“அப்போ அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். தேங்க்ஸ்.”

“கொஞ்சம் இரும்மா. அந்தச் சிலுவையைப் போட்டது நான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. உங்க ஊர் நோட்டீஸு ஒண்ணு என் கையிலயே இருந்துச்சு. எனக்குத் தெரியலங்கறதுக்காக அதைத் தப்புன்னு எழுதிட்டேன்.”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “எங்கம்மா எட்டாவதோட படிப்பை விட்டவங்க. பேங்க்ல கையெழுத்துப் போடக்கூடக் கூச்சப்படுவாங்க. யாரும் அவங்களைப் பாத்துச் சிரிச்சிடக் கூடாதுன்னுதான் நான்… வேற ஒண்ணுமில்ல.”

“புரியுதும்மா. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நீங்க எங்களைக் கேட்டுக்கிட்டுப் பேசறதில்ல. நீங்க பேசினதுக்கப்புறம்தான் நாங்க எழுதறோம். சில நேரம் லேட்டா எழுதறோம், சில நேரம் தப்பா எழுதறோம். உங்கம்மா சரியாத்தான் பேசினாங்க. நாந்தான் காது குடுத்துக் கேக்கல.”

அறையில் இருபது பேர் தலை தூக்கியிருந்தோம். யாரும் பக்கம் திருப்பவில்லை. இரண்டு நாள் இந்தப் பெண்மணியிடம் பேசாமல் இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

தொலைபேசியில் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. ஜோலின் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“மூணு மணிக்குள்ள கல்லு வெட்டறவருக்குச் சொல்லணும். அப்பா சொன்னதையே வெட்டச் சொல்லிடறேன்” என்றாள். பிறகு, “யாரு சொன்னாங்கன்னு அப்பா கேப்பாரு. பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

லாத்ராப் தன் அறை வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். தெரெசா அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொலைபேசிக்கு அருகே குனிந்தார்.

“தெரெசா ஷ்செபானிக்.”

“எப்படி எழுதணும்?”

“எஸ், இசட், சி, இன்னொரு இசட்…”

“ஐயோ, மெதுவா, மெதுவா.”

“சரிம்மா” என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.